தெரியலை அம்மணி

காலையில் எட்டேகாலுக்கு வீட்டைப் பூட்டுவேன். ஒன்பது மணிக்கும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டேன். எங்கள் தெரு அப்படியொன்றும் நீளமில்லை. பீளமேட்டில் ஒரு பழைய மில்லின் பின்சுவரை ஒட்டி ஓடும் சின்னத் தெரு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடக்க மூன்று நிமிடம் ஆகும். நான் வேலை பார்க்கிற கல்லூரி அங்கிருந்து பத்து நிமிட நடை. இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். மாணவர்கள் வருவதற்கு முன்னால் போய்க் கருவிகளை எடுத்து வைக்க வேண்டியவள் நான். ஆனால் அம்மா போன பிறகு வந்த மூன்று வருடமும் மாணவர்கள்தான் எனக்காக வராந்தாவில் காத்திருந்தார்கள்.

மாடியில் ஒரு போர்ஷன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையல்கட்டு. இருப்பது நான் ஒருத்தி. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. அம்மா கடைசி வரை என்னோடு இருந்தார். அவர் போன பிறகு ஆரம்பித்தது இது.

அடுப்பின் இரண்டு திருகுகளையும் தொட்டுப் பார்த்து, வாய்விட்டு "ஆஃப், ஆஃப்" என்று சொல்வேன். சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தொட்டு இன்னொரு "ஆஃப்". பிறகு கதவு. பூட்டை இழுத்துப் பார்ப்பது நான்கு தடவை. படி இறங்குவேன். பத்தாவது படியில் மனசு கேட்கும்: உண்மையிலேயே தொட்டாயா, தொட்டதாக நினைத்துக்கொண்டாயா? திரும்ப ஏறுவேன். பூட்டைத் திறந்தால் எல்லாம் புதிதாக ஆரம்பிக்க வேண்டும், அதுதான் இதில் பெரிய கொடுமை.

பிறகு போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். ரெகுலேட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் வழியில் பார்த்துக்கொள்ளலாமே. இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் மனசு கேட்டது: இது நேற்று எடுத்ததாக இருந்தால்? அதனால் ஹாலில் தொங்கிக்கொண்டிருந்த தினசரி காலண்டரைக் கழற்றிச் சிலிண்டருக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். அன்றைய தேதித் தாளும் ரெகுலேட்டரும் ஒரே படத்தில் விழும்படி. இதைச் செய்தபோது எனக்கே பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். படித்தவளின் பைத்தியத்துக்கு மூளை கொஞ்சம் அதிகம்.

அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்புவேன். அனுப்பிவிட்டு உடனே கூப்பிடுவேன்.

அண்ணன் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறார். அப்பாவும் அம்மாவும் அங்கே அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் வயலைவிட்டு வெளியேறி ஒரு கூட்ஸ் ஆட்டோ வாங்கினார். விடியற்காலையில் தோட்டங்களில் வாழைத்தார் ஏற்றி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, எட்டரை வாக்கில் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் என் போன் போகும்.

"அண்ணா, படத்தைப் பாத்தீங்களா? ஆஃப்ல இருக்குதுங்களா?"

"ஆஃப்லதான் இருக்குது அம்மணி. சுத்தமா ஆஃப். நீ வேலைக்குப் போ."

"தேதி இன்னைக்குதானுங்களே?"

"இன்னைக்குதான் சாமி. போ கண்ணு."

ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. அவருடைய "போ கண்ணு" கேட்டால்தான் என் கால் தெருமுனை வரை நகரும்.

தெருவில் இன்னொருவர். எங்கள் கட்டடத்துக்குக் கீழே, புங்கமரத்தடியில் துணி தேய்க்கும் தள்ளுவண்டி. அறுபதை நெருங்கியவர், காதில் எப்போதும் ஒரு பென்சில். நான் கடைசியாக அவரைத் தாண்டும்போது ஒரு நொடி நிற்பேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்வார்: "பூட்டிப்போட்டீங்கம்மணி. நாந்தான் பாத்தனுங்களே." அவ்வளவுதான். நான் போய்விடுவேன்.

பயமே அவரைப் பற்றியதுதான் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து படியிறங்கும். இதை மாணவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் சமையல்கட்டிலிருந்து படி வழியாக இறங்கி, புங்கமரத்தடிக்கு வந்து, அந்தக் கரிநெருப்பைத் தொடும். அந்த மனிதர் எரிவார், நான் ஆய்வகத்தில் ஊசல் குண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இந்தப் படம் கண்ணுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடும் என்று கேட்காதீர்கள்.

எங்கிருந்து வந்தது இது என்று பிற்பாடு கிளினிக்கில் என்னைக் கேட்டார்கள். அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் ஒருநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தேன். அம்மாதான் உள்ளறையிலிருந்து கத்தினார், "கேஸ் நாத்தம் வருது, என்னன்னு பாரு." ஓடிப்போய்த் திருகினேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அம்மா இருந்தார், அவர் போனது நுரையீரலால், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் கிளம்பி, நான் தனியாக அடுப்புக்கு முன்னால் நின்ற முதல் காலையில் தோன்றியது: இனி வாசம் பிடிக்க இந்த வீட்டில் இன்னொரு மூக்கு இல்லை.

அங்கேதான் ஆரம்பம்.

போன வருடம் ஆடி மாதத்தில் பத்து நாள் அண்ணன் குரல் சரியாக இல்லை. "என்னங்கண்ணா?" என்றால், "ஒண்ணுமில்ல அம்மணி, வண்டி சர்வீசுல நிக்குது." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கு என் ரெகுலேட்டர் முக்கியம். படத்தைப் பார்த்து, "ஆஃப்லதான் இருக்குது, போ கண்ணு" என்று அவர் வழக்கம்போலச் சொன்னார். பதினோராவது நாள் அண்ணி கூப்பிட்டார். அண்ணி என்னைக் கூப்பிடுகிறவர் இல்லை.

"ஏனுங்கம்மணி, உங்கண்ணன் சொல்ல மாட்டாரு, நான் சொல்லிப்போடறேன். உங்க போட்டோவைப் பாக்கப்போயித்தான் வண்டி வாய்க்கா மேட்டுல இறங்கிருச்சு. எடது மணிக்கட்டு ஒடஞ்சு கட்டுப் போட்டிருக்குதுங்க. தண்ணி போற வாய்க்கா. ஒரு முழம் தள்ளியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இனிக் காலையில அவருக்குக் கூப்பிடாதீங்க. உங்களுக்குக் கோவம் வந்தாலும் பரவால்லீங்க," என்றார். அப்போதும் "ங்க" விடவில்லை. எங்கள் பக்கத்தில் உறவை முறிப்பதையும் மரியாதையாகத்தான் முறிப்பார்கள்.

யாரோ ஒருவர் எரிந்துவிடுவார் என்று மூன்று வருடம் பயந்து, அந்தப் பயத்தாலேயே எனக்கென்று இருந்த ஒரே ஆளை வாய்க்காலில் தள்ளப் பார்த்திருக்கிறேன். அன்று கல்லூரிக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். அண்ணனோடு மறுபடி பேச வேண்டும், அவருக்குத் தீங்கில்லாமல் பேச வேண்டும். அதற்காகத்தான் போனேன், நோய் தீர வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்கு இரண்டாம்பட்சம்.

மருத்துவர் ஓசிடி என்றார், ஒரே சந்தேகம் விடாமல் சுழலும் நோய் என்று விளக்கினார், ஒரு சின்ன மாத்திரை எழுதினார், மாத்திரையைவிட இதுதான் உங்களுக்கு முக்கியம் என்று சொல்லி அடுத்த அறையில் இருந்த உளவியலாளரிடம் அனுப்பினார். சிபிடி என்பார்களே, சிந்தனையையும் பழக்கத்தையும் சேர்த்துப் பிடித்து மாற்றுகிற சிகிச்சை. உளவியலாளர் என்றதும் நான் நரைத்த தலையை எதிர்பார்த்தேன். உள்ளே இருந்தது முப்பதுகூட ஆகாத திருநெல்வேலிப் பெண். சளி பிடித்திருந்தது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எங்களைப் போல ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு "ங்க" ஒட்டத் தெரியாதவள். முதல் நாள் அவள் பேச்சு எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"உங்க அண்ணன் கோபில இருக்காரு. உங்க வீட்டு கேஸ் ஆஃப்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"போட்டோ அனுப்புவனுங்க."

"சரி. இஸ்திரி போடுறவருக்கு?"

"அவர் அங்கயேதான் நிக்கறாரு. நான் பூட்டறதைப் பார்ப்பாருங்க."

"எங்க நின்னு பார்க்காரு?"

புரியவில்லை. "வண்டிகிட்ட நின்னு."

"அடுத்த வாரத்துக்குள்ள அந்த இடத்துல நீங்க நின்னு பாருங்க. என்ன தெரியுதுன்னு எழுதிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய், அவர் நிற்கும் இடத்தில் நின்று நிமிர்ந்தேன். புங்கமரம். அதற்கு மேலே சன்ஷேடு. என் வீட்டுக் கதவு கட்டடத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது, படிக்கட்டும் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து தெரிந்தது என் குளியலறை ஜன்னல் மட்டும். இத்தனை வருடமாக நானே ஏறி இறங்கும் கட்டடம். கதவு எந்தப் பக்கம் என்பது எனக்கு ஒரு தடவையாவது தோன்றியிருக்க வேண்டாமா?

"இங்கிருந்து எங்க வீட்டுக் கதவு தெரியாதுங்களே," என்றேன்.

அவர் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தார். புடவையைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. "தெரியாதுங்க," என்றார். புடவையை மடித்தபடி, "நீங்க படற பாட்டைப் பாத்துட்டு, பாக்கலைன்னு எப்பிடிங்கம்மணி வாய் வரும்?"

கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இந்தத் தெருவில் தினமும் என்னிடம் பேசும் ஒரே மனிதர், பேசிய ஒரே வாக்கியம், அதுவும் பொய். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்து, அவள் சொன்னபடி நோட்டில் எழுதினேன்: மரம், சன்ஷேடு, குளியலறை ஜன்னல்.

அதைப் படித்துவிட்டு அவள் ஒரு தாளில் வட்டம் போட்டாள். சந்தேகம் வருகிறது, பயம் ஏறுகிறது, போய்ப் பார்க்கிறேன் அல்லது யாரையாவது கேட்கிறேன், பயம் இறங்குகிறது. இறங்கியதும் மூளை என்ன கற்றுக்கொள்கிறது? கேட்டதால்தான் தப்பித்தோம் என்று. அடுத்த நாள் இன்னும் உரக்கக் கேட்கச் சொல்கிறது. சொறியச் சொறியச் சுகம், விட்டால் எரிச்சல் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அதையேதான் அவள் வட்டமாக வரைந்திருந்தாள். அண்ணனின் அன்பும் இஸ்திரிக்காரரின் மரியாதையும் அந்த வட்டத்துக்குள் இருந்தன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கசிவுக்கு என்ன வாய்ப்பு என்று நான் அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். திருகு திறந்திருக்க வேண்டும், ரெகுலேட்டரும் திறந்திருக்க வேண்டும், ஜன்னல் மூடியிருக்க வேண்டும், இத்தனைக்கும் பெருக்கிப் பார்த்தால், என்று பேப்பர் எடுத்தேன். அவள் பேனாவைப் பிடுங்காத குறை. "ஒரு தடவை போட்டுப் பார்த்தா அது பாடம். தினம் போட்டா அதுவும் செக்கிங்தான். உங்களுக்கு கேஸ் பத்தித் தெரியாம இல்ல. தெரியாமலே இருக்க முடியாம இருக்கீங்க."

ஏணி ஒன்று போட்டோம். கீழ்ப்படியில், போட்டோ எடுக்காமல் கிளம்புவது. அடுத்து, ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்குவது. அதற்கு மேல், இஸ்திரிக்காரரை நின்று பார்க்காமல் தாண்டுவது. உச்சியில், அண்ணனிடம் கேட்காமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று எழுதினேன். உச்சிக்குத் தொண்ணூற்றைந்து போட்டேன். நூறு போட வெட்கமாக இருந்தது.

அண்ணி காலையில் கூப்பிட வேண்டாம் என்றிருந்தார். நானும் கூப்பிடவில்லை. ஆனால் மத்தியானம், சாயங்காலம் என்று வேறு நேரம் பார்த்துக் கேட்டுவிடுவேன், அவரும் சொல்லிவிடுவார். இதை ஒப்புக்கொண்டபோது அந்தப் பெண் கேட்டாள், "அண்ணனை ஒருநாள் வரச் சொல்ல முடியுமா?"

கட்டு பிரித்த வாரம் அண்ணன் கோபியிலிருந்து பஸ்ஸில் வந்தார். உளவியலாளருக்கென்று ஒரு சீப்பு பூவன்பழம். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"இனிமே அவங்க கேட்டா, ‘எனக்குத் தெரியலை’ன்னு சொல்லணும். அவ்வளவுதான். இப்போ ஒருக்கா சொல்லிப் பார்ப்போமா?"

நான் கேட்டேன், "அண்ணா, கேஸ் ஆஃப்ல இருக்குதுங்களா?"

"தெரியலை அம்மணி," என்றார் அண்ணன். மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஆஃப்லதான் இருக்கும்."

"அந்த ரெண்டாவது பாதி வேண்டாம்," என்றாள் அவள்.

இன்னொரு தடவை. "தெரியலை அம்மணி. நீ எதுக்கும் பயப்படாத." இன்னொரு தடவை. "தெரியலை... அட, ஆஃப் பண்ணாம வருவாளுங்களா என்ற தங்கச்சி?" ஐந்தாவது தடவை அவர் அவளைக் கெஞ்சுவது போலப் பார்த்தார். "கூடப் பொறந்தவ வயித்துல நெருப்பைக் கட்டிட்டுக் கேக்கறா. தெரியாதுன்னு மூஞ்சியில அடிக்கிற மாதிரி எப்பிடிங்க சொல்றது? வழியில போற ஆளுக்குக்கூட நாங்க அப்பிடிச் சொன்னதில்லீங்க."

அவள் சிரித்துவிட்டாள். கோயம்புத்தூருக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைந்தபோது, மூன்று பேர் மிக மரியாதையாக மூன்று திசையைக் காட்டினார்களாம், ஒருவருக்கும் அந்தத் தெரு தெரியாதாம். அண்ணனும் சிரித்தார். நானும். அந்த அறையில் நாங்கள் சிரித்தது அன்று மட்டும்தான். பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒப்பிப்பதுபோல, சுத்தமாகச் சொன்னார்: "எனக்குத் தெரியலை அம்மணி." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏணியின் கீழ்ப்படிகள் ஒரு மாதத்தில் ஏறிவிட்டன. இஸ்திரிக்காரரிடமும் போய்ச் சொன்னேன், இனி நான் நின்றால் எதுவும் சொல்ல வேண்டாம் என்று. அவர் சங்கடத்தோடு சம்மதித்தார். அதன்பின் நான் தாண்டும்போதெல்லாம், வாய் தவறிவிடுமோ என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்.

உச்சிப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு தடவை தொட்டேன், பூட்டினேன், இறங்கினேன். பத்தாவது படியில் சந்தேகம் வந்தது, வழக்கம்போல. போனை எடுத்துவிட்டேன். எடுக்கக்கூடாது, எடுத்துவிட்டேன். காலையில் கூப்பிடாதீர்கள் என்று அண்ணி சொன்னதும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. அண்ணன் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணா, ஆஃப் பண்ணியிருப்பனுங்களா?"

மறுபக்கத்தில் அவர் இன்ஜினை அணைத்தார். பிறகு, "எனக்குத் தெரியலை அம்மணி."

போன் வைக்கப்பட்டது. நான் படியில் உட்கார்ந்தேன். மேலே போகக்கூடாது, கீழேயும் போக முடியவில்லை. நோட்டை எடுத்து எழுதினேன்: 8.31, தொண்ணூற்றைந்து. உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கியது. 8.40, தொண்ணூற்றைந்து. இது இறங்காது, அந்தப் பெண் பொய் சொல்கிறாள், புங்கமரத்தடியில் அந்த மனிதர் பெட்டியை இப்போதுதான் ஊதுகிறார். 8.50, எண்பது. எதிர்வீட்டு மாடியில் ஒருவர் துணி காயப்போட்டுவிட்டு என்னைப் பார்த்தார், நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். 9.05, ஐம்பத்தைந்து. நான் ஒன்றுமே செய்யவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, பயம் தானாகவே இறங்கியது. 9.20, முப்பது. எழுந்து கல்லூரிக்குப் போனேன். மாணவர்கள் வராந்தாவில் நின்றார்கள். தாமதத்துக்கு முதல்முறையாக மன்னிப்புக் கேட்டேன். அன்று ராத்திரி அண்ணனிடம் ஒரே வரியில் சொன்னேன், மேலே ஓடாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். தீபாவளி லீவுக்கு ஒரு பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு வாரம் மறுபடி போட்டோ எடுத்திருக்கிறேன். ஆனாலும் வழுக்கினால் எந்தப் படியில் கால் வைப்பது என்று தெரிந்திருந்தது. தை பிறப்பதற்குள் எட்டேகாலுக்குப் பூட்டினால் எட்டரைக்கு ஆய்வகத்தில் இருந்தேன். காலண்டரை ஹாலுக்கே கொண்டுவந்து மாட்டினேன்.

அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேட்டது.

போனைத் திறந்து, வந்த அழைப்புகளையும் போன அழைப்புகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மூன்று வருடமாக அண்ணன், அண்ணன், அண்ணன். பிறகு சிலிண்டர் புக்கிங். பிறகு ஒன்றுமில்லை. தெருவில் நடந்தால் இஸ்திரிக்காரர் முதுகைக் காட்டினார், நான் கேட்டுக்கொண்டபடியே. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே வந்தால், மறுநாள் ஆய்வகத்தில் வணக்கம் சொல்லும் வரை வாயைத் திறக்க ஒரு காரணம் கிடையாது. தோசை ஊற்றும்போது எனக்கே "வெந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டேன், குரல் இருக்கிறதா என்று பார்க்க.

"நோயே தேவலைங்க," என்றேன் அந்தப் பெண்ணிடம். "தினம் ஒருத்தராவது பேசிட்டு இருந்தாங்க." கோபமாகத்தான் சொன்னேன். உதவி செய்தவளிடமே கோபப்படுவது எனக்குக் கைவந்த கலை.

அவள் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தனிமை நோய் இல்ல மேடம். அதுக்கு என்கிட்ட மருந்தும் இல்ல," என்றாள். பிறகு, "அண்ணன்கிட்ட வேற எதுவும் பேசலாமே?"

"எங்களுக்குப் பேச ஒண்ணும் இல்லீங்க. அதுவும் அந்தக் கையை உடைச்சது நான். கேள்வி இல்லாம கூப்பிட்டா, இவளுக்கு என்ன வேணும்னுதான் நினைப்பாரு."

அவள் நோட்டைத் திருப்பி என்னிடம் தள்ளினாள். எழுதச் சொன்னாள். ‘கேள்வி இல்லாவிட்டால் அண்ணனுக்கு நான் வேண்டாம்.’ எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்றாள். எண்பத்தைந்து என்று எழுதினேன். "இது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலை," என்றாள். "கேஸ் மாதிரியேதான். ஆனா இதைக் கூப்பிட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். வாய்க்காலில் வண்டி இறங்கிய அந்த நாளைப் பற்றி நான் அண்ணனிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும், மடியில் கிடந்த அந்தக் கையைப் பார்க்காமல் சுவரைத்தான் பார்த்தேன். கேட்டால் அவர் "ஒண்ணுமில்ல" என்பார். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். சாதம் வைத்துவிட்டுச் சமையல்கட்டிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார், அந்த ஒப்பிக்கிற குரலில், அவசர அவசரமாக:

"எனக்குத் தெரியலை அம்மணி."

எத்தனை நாளாக இதைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்?

"நான் அதைக் கேக்கலீங்கண்ணா," என்றேன். "சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"ஆமாங்க."

சாப்பாடு ஆச்சா என்றார், இனிமேல்தான் என்றேன். அங்கே மழையா என்றேன், இல்லை என்றார். குக்கர் இரண்டு விசில் அடித்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அதனால் கேட்டேன்.

"கை எப்பிடி இருக்குதுங்க?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். நின்றார். கோபியில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் வந்து, போனது.

"கை பரவால்ல அம்மணி. கியர் போடறப்ப வலிக்கும், அது கெடக்குது." குரலைத் தாழ்த்தினார், அண்ணி பக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும். "அந்த வாய்க்கா வளைவுதான். அங்க வந்தா கை நடுங்குது. ஹேண்டிலைப் பிடிக்க முடியறதில்ல. ஆடியில இருந்து அந்தப் பக்கமே போறதில்ல, சுத்திக்கிட்டுத்தான் போறேன். லோடு நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேங்குதுன்னு தோட்டத்துக்காரங்க ரெண்டு பேரு வேற வண்டி பாத்துட்டாங்க. உங்கண்ணிக்குத் தெரியாது. யாருகிட்டயும் சொல்லல."

ஆடியிலிருந்து. நான் படியேறியதும் இறங்கியதும், அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து "தெரியலை" சொல்லப் பழகியதும், எல்லாமே அந்த நடுக்கத்தை வைத்துக்கொண்டுதான். பஸ்ஸில் ஏன் வந்தார் என்று அன்று நான் யோசிக்கக்கூட இல்லை.

"அம்மணி," என்றார். "நீ அன்னைக்கு அந்தப் படியில உக்காந்திருந்தேன்னு சொன்னியே. ஓடாம எப்பிடி உக்காந்திருந்தே?"

வட்டத்தைப் பற்றிச் சொன்னேன், ஏணியைப் பற்றிச் சொன்னேன், மணி பார்த்துப் பார்த்து மார்க் போட்டதைச் சொன்னேன். போனில் சொல்லச் சொல்ல எனக்கே போதவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை கோபிக்கு வாரேனுங்க. காலி வண்டியை எடுத்துட்டு ரெண்டு பேரும் அந்த வளைவுக்கு முன்னாடி வரைக்கும் போய் நிப்போம். தாண்ட வேண்டாம். சும்மா நிப்போம்."

"போனா ஒண்ணும் ஆவாதுல்ல அம்மணி?"

ஒண்ணும் ஆவாதுங்கண்ணா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூன்று வருடம் அவர் எனக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தது. திருப்பிக் கொடுக்க ஒரு நொடி போதும். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அன்று சுவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னபோது எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரியலீங்கண்ணா," என்றேன். "ஆனா நான் பக்கத்துல உக்காந்திருப்பனுங்க."

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.